ஸ்பைனோசாரஸுக்கு உண்மையில் எந்த உடம்பு? டாக்குமென்டரியை நம்பலாமா?

மணல்வீடு:

வீட்டில் ஒன்பது வயதுப் பையன். டைனோசர் பைத்தியம். போன வாரம் பிபிசியின் 2025 'வாக்கிங் வித் டைனோசர்ஸ்' தொடரில் ஸ்பைனோசாரஸ் வரும் பாகத்தை இரண்டு பேரும் உட்கார்ந்து பார்த்தோம். சோபெக் என்று பெயர் வைத்த அப்பா ஸ்பைனோசாரஸ் குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு ஆற்றங்கரையில் அலைகிறது. குட்டைக் கால், துடுப்பு மாதிரி வால், முதுகில் கப்பல் பாய் மாதிரி ஒரு பாய். நன்றாகவே இருந்தது.

மறுநாள், அவனுக்குப் பிடிக்குமே என்று 2011இல் வந்த 'பிளானட் டைனோசர்' முதல் பாகத்தைப் போட்டேன். அதிலும் ஸ்பைனோசாரஸ்தான். ஆனால் நெட்டைக் கால், சாதாரண வால். பார்த்தால் வேறு மிருகம். எடுத்தது அதே பிபிசி. பையன் கேட்டான்: "அப்ப பொய் சொன்னாங்களா, இப்ப பொய் சொல்றாங்களா?"

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ரெக்ஸ்ரசிகன்:

2001இல் வந்த ஜுராசிக் பார்க் 3இல் டி-ரெக்ஸின் கழுத்தை முறித்ததே, அன்றிலிருந்து எனக்கும் அதற்கும் பேச்சுவார்த்தை இல்லை. ஃப்ராடு மிருகம்.

பழைய எலும்பு:

ரெக்ஸ்ரசிகன், உங்கள் ஆள் வட அமெரிக்காவில் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் கடைசியாக வாழ்ந்தவர். இது வட ஆப்பிரிக்காவில் ஏறக்குறைய 9.5 கோடி ஆண்டுகளுக்கு முந்தையது. அவர்கள் சந்தித்திருக்கவே முடியாது. சமாதானமாகப் போங்கள்.

மணல்வீடு, இரண்டு முறையும் பொய் சொல்லவில்லை. கையில் இருந்த எலும்பு மாறியது. கொஞ்சம் நீளமான கதை, பொறுமையாகப் படியுங்கள்.

1912இல் எகிப்தின் பஹரியா பாலைவனச் சோலையில் ரிச்சர்ட் மார்க்கிராஃப் என்ற சேகரிப்பாளர் இதைத் தோண்டி எடுத்தார். மியூனிக்கில் இருந்த எர்ன்ஸ்ட் ஸ்ட்ரோமர் 1915இல் ஸ்பைனோசாரஸ் எஜிப்டியாகஸ் என்று பெயர் வைத்தார். கிடைத்ததோ கீழ்த்தாடையில் ஒரு பகுதி, கொஞ்சம் பற்கள், முதுகெலும்புக் கண்ணிகள், அவற்றின் மேல் நெட்டுக்குத்தாக நின்ற முட்கள். பெரிய முள் 1.65 மீட்டர், ஒரு ஆள் உயரம். கால் எலும்பு கிடையாது. வால் கிட்டத்தட்ட இல்லை என்றே சொல்லலாம். 1936இல் ஸ்ட்ரோமர் வரைந்த எலும்புக்கூட்டுப் படத்தில் அது வாலை ஊன்றி நிமிர்ந்து நிற்கும். அந்தக் காலத்தில் எல்லா ஊனுண்ணி டைனோசரையும் அப்படித்தான் வரைந்தார்கள்.

1944 ஏப்ரல் 24 இரவு பிரிட்டிஷ் விமானங்கள் மியூனிக் மேல் குண்டு போட்டன. அருங்காட்சியகம் எரிந்தது, எலும்புகளும் போயின. பத்திரமான இடத்துக்கு மாற்றுங்கள் என்று ஸ்ட்ரோமர் முன்பே மன்றாடியிருந்தார். இயக்குநர் கார்ல் பொய்ர்லென் நாஜி ஆதரவாளர். ஸ்ட்ரோமருக்கு அந்தக் கட்சியைக் கண்டாலே ஆகாது. அவர் பேச்சு எடுபடவில்லை. போரில் ஸ்ட்ரோமரின் இரண்டு மகன்கள் இறந்தார்கள், மூன்றாவது மகன் சோவியத்தில் கைதியானார். திரும்பி வந்த அந்த மகன்தான் 1995இல் அப்பாவின் காகிதங்களை அருங்காட்சியகத்திடம் கொடுத்தார். 2000இல் அந்தக் கட்டுக்குள்ளிருந்து எரிந்துபோன எலும்புகளின் புகைப்படங்கள் கிடைத்தன. எனக்கு இந்த மிருகத்தின் நீளம், எடை எல்லாவற்றையும்விட இந்தப் பகுதிதான் மனதில் நிற்கிறது. டிவிக்காரர்கள் இதை ஒரு நிமிடத்தில் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

சரி, உடம்புக்கு வருவோம். 1983இல் இங்கிலாந்தின் சர்ரே பகுதியில் ஒரு களிமண் குவாரியில் வில்லியம் வாக்கர் என்ற பொழுதுபோக்குச் சேகரிப்பாளர் 31 செ.மீ. நீள நகம் ஒன்றைக் கண்டெடுத்தார். 1986இல் அதற்கு பேரியோனிக்ஸ் என்று பெயரிட்டார்கள். வயிற்றுப் பகுதியில் அமிலத்தில் அரித்த மீன் செதில்கள் இருந்தன, கூடவே இகுவானோடான் என்ற தாவர உண்ணி டைனோசரின் குட்டி ஒன்றின் எலும்புகளும். ஸ்பைனோசாரஸுக்கு இது பங்காளி. சொந்த உடம்பு எரிந்துபோனதால் பங்காளியின் காலையும் வாலையும் கடன் வாங்கிப் பெரிதாக்கி ஒட்டினார்கள். நீங்கள் 2011இல் பார்த்தது அந்தக் கடன் உடம்பு.

2014இல் நிஸார் இப்ராஹிம் என்ற ஆய்வாளரின் குழு மொராக்கோவில் கெம் கெம் பாறைகளிலிருந்து கிடைத்த ஒரு பாதி எலும்புக்கூட்டை வெளியிட்டது. பின்னங்கால் எதிர்பார்த்ததைவிட மிகவும் குட்டை. அதே குழியில் தொடர்ந்து தோண்டியதில் 30க்கும் மேற்பட்ட வால் எலும்புகள் வந்தன. 2020இல் நேச்சர் இதழில் வெளியிட்டார்கள். அகன்ற துடுப்பு வால் அங்கிருந்து வந்ததுதான்.

பையனிடம் இப்படிச் சொல்லலாம்: அப்ப கால் கிடைக்கலை, இப்ப கிடைச்சிருக்கு.

மணல்வீடு:

அருமை. மியூனிக் கதை எனக்குத் தெரியவே தெரியாது. ஆனால் ஒன்று உறுத்துகிறது. கால் கிடைக்கவில்லை என்றால் 2011இல் அதைச் சொல்லியிருக்கலாமே? காலோடு ஓடவிட்டுக் காட்டினார்களே.

வலைக்காரன்:

குறுக்கே ஒரு சின்ன விஷயம். அந்த 2011 பாகத்தில் அது பிடிக்கும் மீனைப் பார்த்ததும் எங்கள் வீட்டில் எல்லோரும் ஒரே குரலில் "வேளா!" என்றோம். மூக்கில் ரம்பம் வைத்த மீன். தாத்தா காலத்தில் வலையில் மாட்டினால் வலையே நாசம், பக்கத்தில் நிற்கிறவன் காலும் நாசம் என்பார்கள். இப்போது வேளாவைப் பிடிப்பது சட்டப்படி குற்றம், கண்ணில் படுவதும் அபூர்வம். 9 கோடி வருடத்துக்கு முன்னாடியும் இருந்ததா?

அப்புறம் அதைப் பிடிக்க வேண்டுமானால் தலைப்பக்கம் போகக் கூடாது. ரம்பத்தைப் பக்கவாட்டில் வீசும். பின்னாலிருந்து முதுகில்தான் அமுக்க வேண்டும். டைனோசருக்கு யார் சொல்லிக் கொடுத்தார்களோ.

பழைய எலும்பு:

அது ஆன்கோபிரிஸ்டிஸ். வேளா மாதிரியே இருக்கும், ஆனால் வேறு கிளை. இரண்டுக்கும் ரம்பம் தனித்தனியாகத் தோன்றியிருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், இந்தக் காட்சிக்குச் சாட்சி உண்டு. மொராக்கோவில் கிடைத்து இப்போது மிலான் அருங்காட்சியகத்தில் இருக்கும் மேல்மூக்கு எலும்பு ஒன்று கிட்டத்தட்ட ஒரு மீட்டர் நீளம். 2005இல் வெளியிட்டபோது, பல் குழியில் ஆன்கோபிரிஸ்டிஸின் முதுகெலும்புக் கண்ணி ஒன்று சிக்கியிருந்ததைக் காட்டினார்கள். பல்லிடுக்கில் மீன் முள்!

அதே 2005 கட்டுரைதான் 16 முதல் 18 மீட்டர் நீளம் என்று கணக்குப் போட்டது. டிவிக்காரர்களுக்குக் கேட்கவா வேண்டும். பிறகு எலும்புகள் கூடக்கூட உடம்பு சுருங்கிக்கொண்டே வந்து, இப்போது 14 மீட்டர் அளவில் நிற்கிறது.

ரெக்ஸ்ரசிகன்:

சுருங்கியதா! இதை முதலில் சொல்லக் கூடாதா?

டப்பிங்கூடம்:

மணல்வீடு கேட்டதற்கு நான் பதில் சொல்கிறேன். எலும்பு பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் சில வருடம் டாக்குமென்டரிகளுக்குத் தமிழ் டப்பிங் ஸ்கிரிப்ட் எழுதியிருக்கிறேன். எங்கே என்று கேட்காதீர்கள்.

ஆங்கிலத்தில் "வேட்டையாடியிருக்கலாம்" என்ற பொருளில் மூன்று குட்டி வார்த்தை வரும். அதை நான் "வேட்டையாடியிருக்கக்கூடும்" என்று எழுதுவேன். எண்ணிப் பாருங்கள், 13 எழுத்து. குரல் கொடுப்பவர் அதைச் சொல்லி முடிப்பதற்குள் திரையில் மிருகம் மீனை விழுங்கிவிட்டு அடுத்த காட்சிக்குப் போயிருக்கும். கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து "நீளமா இருக்கு சார், வெட்டுங்க" என்பார்கள். வெட்டினால் "வேட்டையாடியது". 7 எழுத்து, கச்சிதம். ஒரு பாகத்தில் இருபது முப்பது இடங்களில் இப்படி நடக்கும். "கூடும்" எல்லாம் தரையில் கிடக்கும், "ஆனது", "இருந்தது", "கொன்றது" மட்டும் ஒளிபரப்பாகும். முதல் மாதம் சண்டை போட்டேன். அப்புறம் நானே முதலிலிருந்தே குட்டையாக எழுதப் பழகிவிட்டேன். அது என் தப்பு.

மூலத்தை எடுக்கிறவர்களுக்கும் வேறு விதத்தில் இதே கஷ்டம். கிராஃபிக்ஸில் "கால் தெரியவில்லை" என்று ஒரு மிருகத்தைச் செய்ய முடியாது. ஏதாவது ஒரு காலை வைத்துத்தான் ஆக வேண்டும். மாடல் ஒருமுறை செய்துவிட்டால் அந்தக் கால்தான் எல்லாக் காட்சியிலும் நடக்கும்.

நத்தைகுத்தி:

டப்பிங்கூடம் சொன்னது சூப்பர். ஆனால் பிளானட் டைனோசருக்கு ஒரு நியாயம் செய்ய வேண்டும். நான் பார்த்த தொடர்களிலேயே ஆதாரத்தைக் காட்டுவதற்காகக் கதையை நடுவில் நிறுத்தியது அதுதான். சண்டை நடந்துகொண்டிருக்கும்போது படத்தை நிறுத்தி, இந்த எலும்பில் இந்தக் கடி இருக்கிறது, அதனால் இப்படிக் காட்டுகிறோம் என்பார்கள். அப்படி நேர்மையாக இருந்த தொடரின் உடம்புதான் மூன்றே வருடத்தில் காலாவதியானது. பாவம்.

அதோடு 2009இல் டிஸ்கவரியில் வந்த 'மான்ஸ்டர்ஸ் ரிசரெக்டட்' தொடரை ஒப்பிடுங்கள். அதில் ஸ்பைனோசாரஸ் எதிரே வந்ததையெல்லாம் அடித்துப் போடும். கார்கரோடோன்டோசாரஸ் என்ற பெரிய ஊனுண்ணியும் தப்பவில்லை. மீன் தின்பதற்கென்றே அமைந்த ஊசிப் பல்லை வைத்துக்கொண்டு ஊர்ச் சண்டைக்கெல்லாம் போகிறது. அந்தப் பல்லில் கறி அறுக்கிற ரம்ப விளிம்புகூடக் கிடையாது. முதலைப் பல் மாதிரி குத்திப் பிடிக்கத்தான் ஆகும். அங்கே எந்த எலும்பும் எந்தப் பக்கமும் மாறவில்லை. பல் 1915லேயே கையில் இருந்தது. அதைக் காலாவதி என்று சொல்ல முடியாது. தெரிந்தே மிகைப்படுத்தியது.

மணல்வீடு:

அதைப் பையன் இன்னும் பார்க்கவில்லை. காட்டவும் போவதில்லை :)

இப்போது வந்திருக்கும் துடுப்பு வால் உடம்பாவது நிலைக்குமா? தண்ணீருக்குள் முங்கி மீனைத் துரத்துவது உறுதிதானா?

கப்பல்பட்டறை:

இங்கே நான் வரலாம் என்று நினைக்கிறேன். கப்பல் கட்டும் இடத்தில் ஸ்டெபிலிட்டி கணக்குப் போடுவது என் வேலை.

எந்தக் கப்பலுக்கும் இரண்டு புள்ளி முக்கியம். எடை எங்கே மையம் கொள்கிறது, தண்ணீர் அதை எங்கே தாங்குகிறது. எடை மேலே ஏறிவிட்டால் ஒரு சின்ன அலைக்கே பக்கவாட்டில் சாய்ந்துவிடும். இந்த மிருகத்தின் படத்தைப் பார்த்த முதல் நாளே என் கண் போனது முதுகுப் பாய் மேலேதான். மேல்தளத்தில் சரக்கு ஏற்றிய தோணி மாதிரி இருந்தது.

பிறகு தேடிப் படித்தேன். கனடாவின் டொனால்ட் ஹெண்டர்சன் 2018இல் இதே கணக்கைக் கம்ப்யூட்டரில் போட்டிருக்கிறார். முதலில் முதலை மாடலை மிதக்கவிட்டு, உண்மை முதலை மிதப்பது மாதிரியே வருகிறதா என்று சரிபார்த்துவிட்டு ஸ்பைனோசாரஸை இறக்கினார். தலை வெளியே தெரிய மிதந்தது, மூழ்கிப்போகவில்லை. ஆனால் இரண்டு காலில் நடக்கும் மற்ற டைனோசர்களும் அதேபோல் மிதந்தன, இதற்கென்று தனிச் சிறப்பு ஒன்றும் இல்லை. தள்ளினால் பக்கவாட்டில் சாய்ந்தது. முக்கியமாக, நுரையீரலில் காற்றைக் குறைத்தாலும் முங்க முடியவில்லை. முங்க முடியாதவன் முத்துக் குளிக்கப் போன கதை.

பழைய எலும்பு:

கப்பல்பட்டறை சொன்னது சரி, ஆனால் அந்தக் கணக்கு துடுப்பு வால் வருவதற்கு முந்தையது. 2020 கட்டுரையில் ஹார்வர்டில் பிளாஸ்டிக் வால் வெட்டி, இயந்திரக் கையில் மாட்டித் தண்ணீர்த் தொட்டியில் ஆட்டிப் பார்த்தார்கள். சாதாரண டைனோசர் வாலைவிடப் பல மடங்கு உந்துவிசை வந்தது.

2022இல் இன்னொரு குழு எலும்பை வெட்டி அடர்த்தி பார்த்தது. நீரில் முங்கி வாழும் பல விலங்குகளுக்கு எலும்பு கெட்டியாக இருக்கும், நங்கூரம் மாதிரி. ஸ்பைனோசாரஸுக்கும் பேரியோனிக்ஸுக்கும் கெட்டி, நைஜரில் கிடைத்த இன்னொரு பங்காளி சூகோமைமஸுக்குக் கெட்டி இல்லை. ஆகவே முதல் இரண்டும் முங்கின, மூன்றாவது முங்கவில்லை என்றார்கள்.

அதே 2022இல் பால் செரீனோ குழு எதிர்ப்பக்கம். இவர் 2014 கட்டுரையில் இப்ராஹிமோடு சேர்ந்து எழுதியவர். இப்போது, இது ஆழத்தில் நீந்தவே நீந்தாது, மேற்பரப்பில் நீந்தினாலும் வினாடிக்கு ஒரு மீட்டர் தாண்டாது, கரையோரம் நின்று மீன் பிடித்த மிருகம் என்கிறார். 2024இல் அந்த அடர்த்திக் கணக்கின் புள்ளியியலே சரியில்லை என்றும் ஒரு மறுப்பு வந்தது.

ஆக, உறுதியா என்று கேட்டால், இல்லை. மீன் தின்றது, தண்ணீர்ப் பக்கமே வாழ்ந்தது, இந்த இரண்டிலும் யாருக்கும் சண்டை இல்லை. பல்லின் ஆக்சிஜன் ஐசோடோப்பு அளவுகூட (தண்ணீரில் வாழ்ந்ததா, தரையிலா என்று காட்டும் வேதித் தடயம்) முதலை, ஆமை பக்கம் சாய்கிறது என்று 2010லேயே காட்டிவிட்டார்கள். சண்டையெல்லாம் எந்த ஆழத்தில் என்பதில்தான்.

நத்தைகுத்தி:

நான் கரையோரக் கட்சி. 2021இல் டேவிட் ஹோன், தாமஸ் ஹோல்ட்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் எழுதியது கிட்டத்தட்ட ஒரு நாரையை வர்ணிப்பது போலவே இருக்கும். மூக்குத் துவாரம் நுனியில் இல்லை, கண் பக்கமாகப் பின்னால் தள்ளி இருக்கிறது. வாயைத் தண்ணீரில் வைத்துக்கொண்டே மூச்சு விடலாம். கழுத்து நீளம். மூக்கு நுனியில் முதலைக்கு இருப்பது போன்ற சின்னச் சின்னக் குழிகள், மீன் அசைந்தால் தெரியும். இதெல்லாம் நின்று காத்திருக்கிறவனுக்கு உதவும் சாமான்கள்.

ஏரிக்கரையில் ஒரு காலை நேரம் நாரையைப் பார்த்திருந்தால் தெரியும், இருபது நிமிடம் சிலை, அரை வினாடி வேலை. உறுமீனுக்குக் காத்திருக்கும் கொக்கை ஏழு டன்னுக்குப் பெரிதாக்கினால் எனக்கு ஸ்பைனோசாரஸ் வந்துவிடும். ஆனால் இருபது நிமிடம் சிலையாக நிற்பதை எந்தச் சேனல் காட்டும்? நீச்சல்தான் டிவிக்கு அழகு. துடுப்பு வால் வந்ததும் எல்லோரும் குதித்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்பேன்.

வலைக்காரன்:

நின்று பிடிப்பதா நீந்திப் பிடிப்பதா என்று ஏன் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்? எங்கள் ஆட்களே கரைவலையும் இழுப்பார்கள், கட்டுமரத்திலும் போவார்கள், தூண்டிலும் போடுவார்கள். மீன் எங்கே இருக்கிறதோ அங்கே.

பழைய எலும்பு:

இந்த இழையிலேயே உருப்படியான பதிவு இதுதான் :)

மணல்வீடு:

இன்னொன்று. சோபெக் குஞ்சுகளை வளர்ப்பது? அப்பா வளர்க்கிறார் என்று பையன் என்னை ஒரு மாதிரி பார்க்கிறான். இதற்கு எலும்பு இருக்கிறதா?

நத்தைகுத்தி:

இல்லை. ஸ்பைனோசாரஸ் கூடு ஒன்றுகூடக் கிடைத்ததில்லை. முதலை குஞ்சு பார்க்கும், பறவை குஞ்சு பார்க்கும், நடுவில் இருக்கும் டைனோசரும் பார்த்திருக்கும் என்பது ஊகம். அப்பா மட்டும் பார்ப்பது ஈமுவிலும் ரியாவிலும் உண்டு, ஆண்தான் அடைகாக்கும், ஆண்தான் வளர்க்கும். முடியாத காரியம் அல்ல. ஆனால் ஆதாரம் உள்ள காட்சி எது, ஊகம் எது என்று பார்க்கிறவனுக்குப் பிரித்துச் சொல்ல வேண்டும். அந்தத் தொடரில் மொராக்கோவில் தோண்டுகிற குழுவையும் நடுநடுவே காட்டுகிறார்கள். தோண்டுவதைப் பார்த்துவிட்டு அடுத்த நொடி அப்பா பாசத்தைப் பார்த்தால் அதுவும் அந்தக் குழியிலிருந்தே வந்த மாதிரி ஒரு தோற்றம். அது கொஞ்சம் கள்ளத்தனம்.

பெயர் மட்டும் பொருத்தம். சோபெக் எகிப்தியரின் முதலைத் தலைக் கடவுள்.

டப்பிங்கூடம்:

இதைத்தான் நானும் சொல்ல வந்தேன். தமிழில் ஒரு வசதி இருக்கிறது. "வளர்த்ததாம்" என்று ஒரு "ஆம்" சேர்த்தால் போதும், நான் பார்க்கவில்லை, சொன்னார்கள் என்று அர்த்தம் வந்துவிடும். பாட்டி கதை முழுக்க அந்த "ஆம்"தான். டப்பிங்கில் ஒருமுறை போட்டுப் பார்த்தேன். "நியூஸ் மாதிரி இருக்கணும், கதை மாதிரி இருக்கக் கூடாது" என்று அடித்துவிட்டார்கள்.

மணல்வீடு:

நேற்று இரவு பையனோடு 2025 பாகத்தை மறுபடி போட்டு, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் "ஆம்" சேர்த்துச் சொல்லி விளையாடினோம். "சோபெக் ஆற்றில் இறங்கியதாம்." "குஞ்சு தொலைந்ததாம்." மீன் பிடிக்கும் இடம் வந்ததும் படத்தை நிறுத்தினான். "பல்லுல முள் மாட்டியிருந்துச்சுல்ல? இதுக்கு ஆம் வேண்டாம்" என்றான்.

கப்பல்பட்டறை:

தம்பியைப் பட்டறைக்கு அனுப்புங்கள்.

ரெக்ஸ்ரசிகன்:

ஒரு சந்தேகம், சிரிக்கக் கூடாது. போன வருடம் மச்சான் வெளிநாட்டிலிருந்து வரும்போது மொராக்கோ ஸ்பைனோசாரஸ் என்று ஒன்று வாங்கி வந்தார். அசலாக இருக்குமா? எதிரிதான், இருந்தாலும் அலமாரியில் வைத்திருக்கிறேன்.

பழைய எலும்பு:

பல்லா? பல் என்றால் அசலாக இருக்க நல்ல வாய்ப்பு. கெம் கெம்மில் அள்ள அள்ள வரும். ஒரே ஆற்றுப் படிவில் 1,200க்கும் மேல் பற்களை எண்ணியதில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக ஸ்பைனோசாரஸ் பற்கள்தான். வேர்ப்பக்கம் மட்டும் பாருங்கள், மணலும் பசையும் வைத்து நீட்டியிருப்பார்கள்.

ரெக்ஸ்ரசிகன்:

பல் மட்டும் இல்லை. தாடையோடு இருக்கிறது. ஏழு பல், வரிசையாக, அழகாக.

பழைய எலும்பு:

ஏழும் ஒரே அளவா?

ரெக்ஸ்ரசிகன்:

இல்லை, பெரிசும் சின்னதுமாக. இரண்டு பல் திரும்பிப் பார்க்கிற மாதிரி இருக்கும்.

பழைய எலும்பு:

பற்கள் அசலாக இருக்குமாம்.